மலிவு டைகர் டாங்கியும் மதுரை வெயிலும்: ஏர்பிரஷ்ஷில் கேமோ பழகிய அனுபவம்

அடித்தட்டில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் விட்ட ஓட்டைகள், அச்சு சேர்ந்த கோடு அப்படியே தெரியும் பீரங்கிக் குழல், பாதி விவரம் மழுங்கிப்போன சக்கரங்கள். மலிவு விலையில் 1/35 அளவு (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) டைகர் டாங்கி, அதாவது இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியின் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கினால் இதெல்லாம் கூடவே வரும். அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்கினால் மனசு நொந்துபோகும். ஏர்பிரஷ்ஷில், அதாவது காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் சின்னக் கருவியில், கேமோ (உருமறைப்புப் பட்டைகள்) அடித்துப் பழக வாங்கினால் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். ரெண்டு வருஷத்துக்கு மேலாக இதே வண்டியின் மேல்தான் அடிக்கிறேன், கழுவுகிறேன், மறுபடி அடிக்கிறேன். நல்ல ஜப்பான் கிட்டாக இருந்தால் முதல் கோடு போடுவதற்கே கை நடுங்கியிருக்கும்.

பழகுவதற்கு டைகர் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. பக்கவாட்டுத் தகடு நெட்டுக்குத்தாக, தட்டையாக, நீளமாக இருக்கும். பீரங்கி மாட்டிய மேல்கூண்டான டரட் வளைந்து போகும். பின்பக்கம் புகைக்குழாய்களும் பெட்டிகளும் அடைத்துக்கொண்டு நிற்கும். லேசு, நடுத்தரம், கஷ்டம் மூன்றும் ஒரே வண்டியில் கிடைத்துவிடும்.

இன்னொரு வசதி வரலாற்றிலிருந்து வருகிறது. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் டாங்கிகளின் அடிநிறத்தைக் கரும்சாம்பலிலிருந்து மங்கிய மஞ்சளுக்கு மாற்றியது. அதன் மேல் அடிக்கப் பச்சையையும் செம்பழுப்பையும் கெட்டிப் பசையாகப் படைப்பிரிவுகளுக்கே கொடுத்துவிட்டார்கள். தண்ணீரோ பெட்ரோலோ கையில் கிடைத்ததில் கரைத்து, களத்தில் இருந்தவர்களே ஸ்பிரே அடித்தார்கள். எதில் கரைத்தார்கள், எவ்வளவு கரைத்தார்கள் என்பதைப் பொறுத்து நிறம் அடர்ந்தோ வெளிறியோ போனது. பட்டையின் வடிவமும் அடித்தவர் கைப்போக்குதான். அதனால் நாம் எப்படி அடித்தாலும் ‘இப்படி ஒரு வண்டியே கிடையாது’ என்று அடித்துச் சொல்வது கஷ்டம். கத்துக்குட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் பட்டையின் ஓரத்தில் மட்டும் இந்தச் சலுகை செல்லாது. ஓரம் எவ்வளவு அகலத்துக்கு மங்கலாம் என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ டாங்கியில் ஒரு சாண் அகலம் மங்கினால் 1/35 மாடலில் அது 6 மில்லிமீட்டர். நாலு விரல் அகலம் என்றால் 2 மில்லிமீட்டர். கேமோ பார்க்க ‘பொம்மை மாதிரி’ தெரிவதற்குப் பெரும்பாலும் நிறம் காரணமில்லை, ஓரம் அளவுக்கு மீறி மங்கிப்போனதுதான் காரணம். நான் 2 மில்லிமீட்டரை இலக்காக வைத்துக்கொண்டேன். மொத்தப் பயிற்சியும் அந்த ரெண்டு மில்லிமீட்டருக்குத்தான்.

சாதனம் பெரிதாக ஒன்றுமில்லை. 0.3 மில்லிமீட்டர் நாசில் (பெயிண்ட் வெளிவரும் துளை), மேலே கப் வைத்த டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ். விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். கம்ப்ரஸர் 3 லிட்டர் சிலிண்டர் வைத்த சின்ன வகை. 3 பார் அழுத்தத்தில் ஓடத் தொடங்கி 4 பாரில் தானே நின்றுவிடும். சிலிண்டர் இல்லாததை வாங்காதீர்கள். காற்று துடித்துத் துடித்து வரும், மெல்லிய கோடு நெளியும். நடுவில் கரன்ட் போனாலும் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றில் கையில் எடுத்த பட்டையை முடித்துவிடலாம் என்பது நம் ஊருக்கான கூடுதல் லாபம். சித்திரை, வைகாசி மதியத்தில் தொடர்ந்து ஓட்டினால் மட்டும் மோட்டார் தொடமுடியாத அளவுக்குக் கொதிக்கும். அவ்வப்போது நிறுத்தி ஆறவிட வேண்டும்.

வெயில் வம்பு கம்ப்ரஸரோடு முடிவதில்லை. பெயிண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ‘பால் பதம்’ என்பார்கள். ஏப்ரல், மே மாத மதுரையில் பால் பதத்தில் கரைத்தால் அக்ரிலிக் பெயிண்ட் நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையிலேயே காய்ந்து கட்டிவிடும். அப்புறம் விசையை இழுத்தால் ஒன்றும் வராது, இன்னும் இழுத்தால் ‘புளிச்’சென்று துப்பும். மெல்லிய கோட்டுக்கு நீர்மோர் பதம்தான் சரி. ஒரு பங்கு பெயிண்டுக்கு ரெண்டு பங்கு தின்னர், சில நாள் அதற்கும் மேலே. கூடவே காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரிரு சொட்டு. இவ்வளவு தண்ணியாகக் கரைத்த பிறகு அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பெயிண்ட் தகட்டில் சிலந்திக்கால் போல ஓடும். அடிநிறத்துக்கு 20 பி.எஸ்.ஐ. வைப்பவன் கோட்டுக்கு 12-க்கு இறங்கிவிடுவேன். நாசிலுக்கும் தகட்டுக்கும் நடுவே ரெண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. நிமிஷத்துக்கு ஒரு தடவை, தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஊசி முனையைத் துடைக்க வேண்டும். அந்த முனையில் விரல் பட்டால் குத்தும், அழுத்தித் துடைத்தால் வளையும். கோடை முழுக்க விடியற்காலையில்தான் இந்த வேலை எனக்கு.

கோடு போடும் கணக்கை எனக்குப் புரியவைத்தவர் மாடல் ஆசாமி இல்லை. திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை வாங்கப் போனபோது, விநாயகர் சிலைக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “என் கோட்டுக்கு ரெண்டு முனையிலும் பொட்டு விழுதுண்ணே” என்றேன். “நீங்க நின்னுகிட்டுத் திறக்கிறீங்க தம்பி. கை ஓடுறப்பவே கலரைத் திறக்கணும், ஓடுறப்பவே மூடணும். காத்து பாட்டுக்கு வரட்டும், அதை நிப்பாட்டாதீங்க” என்றார். அவர் கையிலிருந்தது என் ஏர்பிரஷ்ஷைப்போல நாலு மடங்கு இருக்கும். கணக்கு ஒன்றுதான்.

பட்டையை நான் அடிக்கும் முறை இது. முதலில் ஓரத்தை மட்டும் மெல்லிய கோடாக வரைந்துகொள்வேன். அப்புறம் உள்பக்கத்தை நிரப்புவேன், ஏர்பிரஷ் எப்போதும் பட்டையின் உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். அப்படிச் சாய்த்தால் சிதறும் துகள் பட்டைக்குள்ளேயே விழும், மஞ்சள் மேல் படாது. கடைசியில் மிகவும் கரைத்த மஞ்சளை எடுத்து ஓரம் தடித்த இடங்களை வெளியிலிருந்து அரித்து உள்ளே தள்ளுவேன். இந்தத் திருப்பி அரிக்கும் வேலைதான் நிஜமான பயிற்சி. கை தப்பியதெல்லாம் இங்கே சரியாகிவிடும்.

பட்டை தகட்டோடு முடியக் கூடாது. பக்கவாட்டில் தொடங்கினால் மேல்தட்டுக்கு ஏறி, முடிந்தால் டரட் வரை போக வேண்டும். வண்டியின் வடிவத்தை உடைத்துக் கண்ணை ஏமாற்றத்தானே உருமறைப்பு! பெட்டி பெட்டியாக அடைத்து அடித்தால் வடிவம் இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். பின்பக்கப் புகைக்குழாய்களின் இடுக்கில் மட்டும் காற்று முட்டித் திரும்பி, பெயிண்ட் தூசியாகப் படிந்து சொரசொரப்பாகிறது. அழுத்தத்தை இன்னும் குறைத்துப் பார்த்தாலும் பாதிதான் சரியாகிறது.

கழுவுவதற்கு மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் வந்துவிடும். சில இடங்களில் அடிப்பூச்சான பிரைமரும் சேர்ந்து உரியும், அங்கே மட்டும் தொட்டு அடித்துக்கொள்ளலாம். இத்தனை குளியலுக்குப் பிறகும் பிளாஸ்டிக் வெளுக்கவில்லை, விரியவில்லை. மலிவு கிட்டில் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தகடு ஒட்டிய இரண்டு மூலைகள் விட்டுப்போனதை மறுபடி ஒட்டினேன், அவ்வளவுதான். பைக் பெயிண்ட் கடை என்.சி. தின்னரை மட்டும் மாடல் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஏர்பிரஷ்ஷின் உலோகப் பாகங்களைக் கழுவ அது நல்லதுதான், ரப்பர் வாஷரைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்.

ஐப்பசி அடைமழையில் வேறு தொல்லை. காற்றில் ஈரம் ஏறி, குழாயில் தண்ணீர் சேர்ந்து, கோட்டின் நடுவே சொட்டு விழும். கம்ப்ரஸரில் இருக்கும் ஈரவடிகட்டியையும் சிலிண்டரின் அடித் திருகையும் அடிக்கடி திறந்து வடித்துவிட்டால் சமாளிக்கலாம்.

கிட்டில் தேறாத ஒன்று, சக்கரங்களைச் சுற்றி மாட்டும் வளவளவென்ற வினைல் செயின். எந்தப் பெயிண்டும் அதில் நிற்கவில்லை, வளைத்தால் செதில் செதிலாக உதிர்கிறது. நான் மாட்டுவதே இல்லை. சக்கரங்களையும் ஒட்டாமல் சொருகி மட்டும் வைத்திருக்கிறேன், கழற்றி அடிக்கச் சௌகரியம். ஏர்பிரஷ்ஷில் மாற்ற வேண்டிவந்தது ஊசியும் நாசிலும்தான். வாங்கும்போதே ஒரு செட் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் மலிவாக 1/72 கிட் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அதில் என் ரெண்டு மில்லிமீட்டர் ஓரம் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கும். 0.3 நாசிலில் முடியாது என்றில்லை, ஆனால் பழகுகிறவருக்கு அது வேண்டாத சோதனை. 1/35-லேயே தொடங்குங்கள். கிட்டில் மிச்சம்பிடிக்கும் காசில் ரசாயன ஆவி வடிகட்டி வைத்த நல்ல மாஸ்க் ஒன்று வாங்குங்கள், துணி மாஸ்க் தின்னர் ஆவியை நிறுத்தாது. ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்து ஃபேன் வையுங்கள். ஆல்கஹால் டப்பாவை அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.