லோன் முன் அனுமதிக் கடிதம்: வீடு விற்பவர் எவ்வளவு நம்பலாம்?

வீடு வாங்க வருபவர் கையில் ஒரு கடிதம் இருக்கும். இவருக்கு இவ்வளவு வரை கடன் தரலாம் என்று வங்கி எழுதிக் கொடுத்தது. ப்ரீ அப்ரூவல் என்பார்கள். வாங்குபவருக்காக வங்கி தரும் சேவைதான் இது. ஆனால் அதை நம்பி வேறு யாருக்கும் வீட்டைக் காட்டாமல் காத்திருப்பவர் விற்பவர். அவர் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கடிதத்துக்கு 5-க்கு 3 மதிப்பெண் தரலாம். ஆளைப் பற்றி நன்றாகவே சொல்கிறது. வீட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. லோன் பல நேரம் சிக்கிக்கொள்வதோ வீட்டில்தான்.

கடிதத்தில் இரண்டு ரகம் உண்டு. வாங்குபவர் வாயால் சொன்ன சம்பளத்தை மட்டும் வைத்துத் தருவது ஒன்று. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், கடன் வரலாறு எல்லாம் பார்த்த பிறகு தருவது இன்னொன்று. முதல் ரகத்தை நம்பி வீட்டை நிறுத்தி வைக்க வேண்டாம். ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன என்ற வரி இருக்கிறதா, கடிதம் எந்தத் தேதி வரை செல்லும், கீழே சின்ன எழுத்தில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த மாதமே காலாவதியாகும் கடிதமென்றால், புதுப்பிக்கப்பட்ட பிறகு ஒப்பந்தம் போடுவது நல்லது.

கடிதத்தால் தாண்ட முடியாத முதல் மேடு வேல்யூவேஷன், அதாவது வங்கிக்காக வீட்டின் விலையை மதிப்பிடுவது. பேசிய விலை, மதிப்பீட்டாளர் போட்ட விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி சதவீதம் கணக்கிடும். விலை 100 பங்கு, வங்கி தருவது 80 சதவீதம் என்று வையுங்கள். வாங்குபவர் 20 பங்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மதிப்பீடு 90 என்று வந்தால் கடன் 72 ஆகிவிடும். 8 பங்கு துண்டு விழுகிறது. அதை அவர் புரட்ட வேண்டும், அல்லது நீங்கள் விலையில் இறங்க வேண்டும், அல்லது மறு மதிப்பீடு கேட்க வேண்டும். மறு மதிப்பீடு கேட்பதானால் வெறும் வாய்வார்த்தை எடுபடாது. அதே பகுதியில் சமீபத்தில் விற்ற, அதே அளவுள்ள வீடுகளின் விலைகளையும், நீங்கள் செய்த மராமத்துக்கான ரசீதுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது மேடு லீகல், அதாவது வீட்டின் பத்திரங்களை வங்கி வக்கீல் சரிபார்ப்பது. பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல். பத்திரத்தில் உள்ள பரப்பளவும் வரைபடத்தில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை. அனுமதி வாங்காமல் கட்டிய ஓர் அறை. எப்போதோ அடைத்த பழைய கடனின் அடமானம் பதிவேட்டில் இன்னும் நீக்கப்படாமல் இருப்பது. வங்கி வக்கீல் இதில் ஒன்றைக் கண்டாலும் கோப்பு அப்படியே நின்றுவிடும். இவை அத்தனையும் விற்பவர் கையில் உள்ளவை. விளம்பரம் கொடுக்கும் முன்பே உங்கள் வக்கீலிடம் பத்திரக் கட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் அனுபவத்தில் தாமதத்தைக் குறைக்க இதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை.

வாங்குபவர் பக்கமும் கோளாறு வரும். கடிதம் வந்த மகிழ்ச்சியில் தவணையில் கார் எடுப்பார், வேலை மாறுவார், உறவினர் கொடுத்த பெரிய தொகையை விளக்கம் இல்லாமல் கணக்கில் போடுவார். பணத்தை விடுவிக்கும் முன் வங்கி மறுபடி சரிபார்க்கலாம். அப்போது கணக்கு மாறிப்போகும். புதுக் கடன் வேண்டாம், வேலை மாற்றம் வேண்டாம் என்று ஒப்பந்தம் போடும் நாளிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். பணம் அன்பளிப்பாக வந்ததென்றால், திருப்பித் தர வேண்டியதில்லை என்று கொடுத்தவர் எழுதிய கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது லோன் தரகர் சேவை: வாங்குபவருக்கும் வங்கிக்கும் நடுவில் நின்று கடனை ஏற்பாடு செய்பவர். நல்ல தரகர் கிடைத்தால் 5-க்கு 4. வாங்குபவரின் லோன் விவரத்தை வங்கி உங்களிடம் நேரடியாகப் பேசாது. அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அதை ஒப்பந்தத்தன்றே வாங்கிக்கொண்டால் தரகரிடம் கேட்கலாம். 'லோன் எப்படிப் போகிறது?' என்று கேட்டால் 'போய்க்கொண்டிருக்கிறது' என்றுதான் பதில் வரும். கேள்வி இப்படி இருக்கட்டும்: இன்னும் என்ன ஆவணம் பாக்கி, அதை யார் தர வேண்டும், எந்தத் தேதிக்குள்? வாரம் ஒரு முறை, எழுத்தில். இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தராத தரகருக்கு 1 மதிப்பெண்கூட அதிகம்.

அவகாசம் கேட்டால் வாய்மொழியாகக் கொடுக்காதீர்கள். புதுக் கடைசித் தேதி, தாமதத்துக்கான காரணம், அதுவரை ஆகும் செலவு யாருடையது என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செலவைக் கணக்கிடுவது எளிது: உங்கள் வீட்டுக் கடன் பாக்கியை ஆண்டு வட்டியால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் நாள் வட்டி. பாக்கி 1,00,000, வட்டி 7.3 சதவீதம் என்றால் நாளுக்கு 20. தேதி தள்ளிப்போனால் உங்கள் கடனை அடைக்க உங்கள் வங்கி தந்த தொகைக் கணக்கும் பழசாகிவிடும். புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். பலர் கடைசி நாளில் கோட்டைவிடும் இடம் இது.

இந்த வீட்டுப் பணத்தை நம்பி அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்கு, விற்ற பணம் வரும் வரை சமாளிக்க பிரிட்ஜ் லோன் என்று ஒரு குறுகிய காலக் கடன் உண்டு. 5-க்கு 2. வட்டி பெரும்பாலும் சாதாரண வீட்டுக் கடனைவிட அதிகம், கட்டணம் தனி. வாங்குபவரின் லோன் இறுதி அனுமதி பெற்று, பணம் விடுவிக்கும் தேதி மட்டும் தள்ளிப்போனால் எடுக்கலாம். வேல்யூவேஷனே முடியாத நிலையில் எடுத்தால் இரண்டு வட்டி கட்டும் நிலை வரும். வாங்குபவர் 'பணம் எப்படியும் வந்துவிடும், சாமானை இறக்கிக்கொள்கிறோம்' என்று கேட்டாலும் தொகை முழுதும் கணக்கில் ஏறும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். குடியேறியவரை வெளியேற்றுவது லோன் தாமதத்தைவிடப் பல மடங்கு நீளும்.