கூட்டம் நடத்தக் கத்துக்கொடுக்கும் ஒரு நாள் பயிற்சி: 900 ரூபாய்க்குத் தேறுமா?

வேலூரைப் பத்தி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிட்டார். பாலாத்துலயும் எப்பவாவது தண்ணி வருது. சத்துவாச்சாரியில எங்க அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துக்குத்தான் தீர்மானம்னு ஒண்ணு வந்து சேர்ந்ததே இல்லை. செயலாளர் நான், அதனால தலைவலியும் எனக்குத்தான்.

காட்பாடிப் பக்கம் நடந்த இந்தப் பயிற்சிக்கு மூணு பேர் போனோம், ஆளுக்கு 900. காலை முழுக்க ஸ்லைடு, உதாரணமெல்லாம் ஐ.டி. கம்பெனிக் கதை. மே மாசம், ஏசி பதினோரு மணிக்கே படுத்துடுச்சு. சாப்பாட்டைப் பத்திப் பேச வேணாம்.

மதியத்துக்கு மேலதான் கொடுத்த காசுக்குப் பலன். யாரும் வாய் திறக்கக் கூடாது; அஞ்சு நிமிஷம் அவங்கவங்க மனசுல இருக்கறதைச் சீட்டுல எழுதணும், அப்புறம்தான் பேச்சு. எங்க கூட்டத்துல முதல்ல குரல் கொடுக்கறவர் சொன்னதுக்கே மத்தவங்க தலையாட்டுவாங்க. அடுத்தது, டொயோட்டாக்காரங்க பழக்கின 'ஏன்' கேள்வி. அஞ்சு தடவை விடாம கேக்கணும்.

அடுத்த ஞாயிறே செஞ்சு பார்த்தோம். மொட்டைமாடித் தொட்டி தினமும் வழியுது, ரெண்டு வருஷமா வாட்ச்மேனைத்தான் திட்டிட்டு இருந்தோம். கூட்டத்துல வாயே திறக்காத மூணாவது மாடி அம்மா, "சென்சார் வேலை செய்யுதா?"ன்னு எழுதியிருந்தாங்க. ஏன் வழியுது? மோட்டார் தானா நிக்கலை. ஏன்? சென்சார் ஒயர் அறுந்திருக்கு. ஏன்? எலி கடிச்சிருக்கு. ஏன்? பைப்புக்கு மூடி இல்லை. ஏன்? பெயின்ட் அடிச்சப்ப கழட்டினாங்க, திரும்ப மாட்டலை. வேலை முடிஞ்சதும் பாருங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொல்லி வைக்கலை. வாட்ச்மேன் ஓரமா நின்னு கேட்டுட்டு இருந்தார். என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியலை.

ஒண்ணு மட்டும் ஒத்துவரலை. தலைப்புக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தைத் தனித் தாள்ல எழுதி ஒதுக்கி வைக்கணுமாம், அதுக்குப் பேர் 'பார்க்கிங்'. நான் "அதைப் பார்க்கிங்ல போடுவோம்"னு சொன்னதுதான் தாமதம், தரைத்தள மாமா எழுந்துட்டார். "அதைத்தானேப்பா ஆறு மாசமா கேக்கறேன், என் இடத்துல யார் வண்டி நிக்குது?" இருபது நிமிஷம் போச்சு.

மூணு ஸ்டார். அரை நாளாக்கி 500 வாங்கினா இன்னொண்ணு சேர்த்துக் கொடுப்பேன். எந்த வேலையை யார், எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்னு எழுத ஒரு படிவம் தர்றாங்க. போறவங்க அதை மறக்காம ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க.