தடைகளில் அலைச் சிதறல்: போர்ன் தோராயமா, கிர்ச்சாஃப் தோராயமா?

மீட்சித் திண்மத்தில் தகைவு அலை (பொருளுக்குள் அழுத்தமும் இழுப்புமாகப் பரவும் அலை) விரிசல், வெற்றிடம் போன்ற ஒரு தடையில் மோதிச் சிதறுவதைக் கணிக்க இவ்விரு தோராயங்களும் பெரிதும் கையாளப்படுகின்றன. போர்ன் தோராயம், தடைக்குள்ளும் படும் அலையே மாறாமல் பரவுவதாகக் கொள்வதால், அடர்த்தியும் மீட்சிக் குணகங்களும் சூழ்பொருளிலிருந்து சிறிதளவே வேறுபடும் உட்பொருள்களுக்கு, அதாவது திண்மத்துக்குள் பதிந்த வேற்றுப்பொருள்களுக்கு, பொருந்தும். பொருளுக்குள் உள்ள வெற்றிடத்துக்கு (வெற்றுக் குழிக்கு) அது பொதுவாகப் பொருந்தாது. கிர்ச்சாஃப் தோராயமோ, பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் தொடுதளம் முடிவின்றி நீள்வதாகக் கருதி, நெட்டலை குறுக்கலையாக மாறுவது உட்பட எதிரொளிப்பைக் கணக்கிடுவதால், அலைநீளத்தைவிடப் பெரிய வெற்றிடங்களுக்கும் விரிசல்களுக்கும் ஏற்றது. ஆயினும், விரிசல் முனையில் எழும் விளிம்பு விலகலை (அலை விளிம்பில் வளைந்து பரவுவதை) அது சரியாகத் தருவதில்லை. பரப்பில் ஊரும் ராலே அலைகளை விட்டேவிடுகிறது. எனவே, விரிசலை மீயொலியால் சோதிப்பவர் எதிரொளிப்புத் திசையை ஒட்டிய கோணங்களில் மட்டும் கிர்ச்சாஃபை நம்பி, அதற்கப்பால் விளிம்பிலிருந்து விலகும் கதிர்களையும் கணக்கில் கொள்ளும் வடிவியல் விளிம்பு விலகல் கொள்கையை நாடுவதே நன்று.