மலைநாட்டில் முதல் கார்: அல்டோ 800உடன் ஓடிய வருடங்கள்

கெம்பஸ் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, நம்ம ரோட்டுக்கு எந்தக் கார் சரி?" கையில் இவ்வளவு இருக்கிறது, மீதியை லீசிங் போடலாம் என்பார்கள். கூடவே போனில் ஒரு வேகன் ஆர் படத்தைக் காட்டி, கொழும்பில் இருக்கிற மச்சானுக்கு அது லீற்றருக்கு இருபதுக்கு மேல் ஓடுகிறதாம் என்பார்கள். கொழும்பு மச்சான் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் காரை நுவரெலியாவுக்குப் போகிற நானுஓயா ஏற்றத்தில் ஓட்டவில்லை.

என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டு மாருதி சுசுகி அல்டோ 800, மெனுவல் கியர். 2021 கடைசியில் இரண்டாம் கையாக வாங்கினேன். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வீடு, நுவரெலியாவில் வேலை. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீற்றர் உயரம், நுவரெலியா 1868 மீற்றர். அதாவது காலையில் 600 மீற்றருக்கு மேல் ஏறி, மாலையில் அதை அப்படியே இறங்க வேண்டும். இடைக்கிடை கொழும்புக்கும் கண்டிக்கும் போவதுண்டு.

நான் வாங்கிய காலம் நல்ல காலம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நாட்டில் இருக்கிற பழைய கார்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. புதிதாக வந்தபோது விற்ற விலையைவிட ஆறு வருடம் ஓடிய காருக்கு விலை அதிகம். அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பகுதி முற்பணமாகப் போனது, மீதி லீசிங். வட்டி கடைசிவரை மாறாத லீசிங்தானா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டேன். 2022 ஜூலையில் மத்திய வங்கி கடன் வழங்கும் வட்டியை 15.5 வீதத்துக்கு ஏற்றியபோது என் தவணை அசையவில்லை. லீசிங் கார் என்றால் முழுக் காப்புறுதி கட்டாயம். அதையும் மாதக் கணக்கில் பிரித்துச் சேர்த்துப் பார்க்காமல் "தவணை கட்டலாம்" என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம்.

அந்தக் காசுக்கு என்னென்ன கிடைத்தன என்றால், 2007, 2008 காலத்து டொயோட்டா விட்ஸ், பெரோடுவா விவா எலைட், மைக்ரோ பாண்டா, நிசான் மார்ச், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் பழைய ஹைபிரிட் ஒன்று. விட்ஸ்தான் மனதுக்குப் பிடித்திருந்தது. உள்ளே விசாலம், ஒரு லீற்றர் எஞ்சின், பெல்ட் மாதிரி அடிக்கடி மாற்றத் தேவையில்லாத டைமிங் செயின். ஆனால் எனக்குக் கட்டுப்படியான விட்ஸ் எல்லாம் பல கை மாறியவை. சிவிடி என்கிற ஓட்டோமெட்டிக் கியர்பெட்டியை முந்தைய ஆட்கள் எப்படிப் பராமரித்தார்கள், எண்ணெய் மாற்றினார்களா என்று சொல்ல ஆளில்லை. வேகன் ஆர் ஹைபிரிட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அதில் இருக்கிற சின்ன மின் மோட்டார் புறப்படும்போதும் வேகம் எடுக்கும்போதும் சற்று நேரம் கைகொடுக்கும். விடாமல் ஏறுகிற பாதையில் 660 சிசி எஞ்சின்தான் இழுக்க வேண்டும். நின்று நின்று போகிற நகரத்தில் அது கெட்டிக்காரக் கார். நமக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் பாதிதான் பயன்படும்.

முடிவு எடுக்க வைத்தவர் எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன். நான் எது நன்றாக ஏறும் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏத்தத்துல நின்னா நாலு பேர் தள்ளிவிடுவாங்க தம்பி. எறக்கத்துல நிக்கலேன்னா என்னா செய்வ?" என்றார். அப்புறம் மெனுவல் கியர், எடை குறைவு, சாமான் ஹட்டனிலேயே கிடைக்க வேண்டும் என்று அவரே சுருக்கிவிட்டார். அந்த வடிகட்டலில் மிஞ்சியது அல்டோ. 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் 1000 சிசிக்குக் குறைந்த கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். அந்த வருடம் அல்டோ ஏராளமாக இறங்கியது அதனால்தான். ஆகவே பார்த்துப் பார்த்துப் பொறுக்குவதற்கு வண்டிகள் இருந்தன.

சரி, ஏற்றம் எப்படி? 796 சிசி, மூன்று சிலிண்டர், தாளில் 48 குதிரைவலு. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எந்த எஞ்சினுக்கும் நுவரெலியா உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பலம் போய்விடும். அப்படியானால் மிஞ்சுவது நாற்பதை ஒட்டித்தான். தனியாகப் போனால் நானுஓயாவுக்கு மேலே மூன்றாவது கியரில் முக்கி முனகிப் போகும். நாலு பேர் ஏறினால் இரண்டாவதுதான், ஏசியையும் நிறுத்திவிட வேண்டும். ஐந்தாவது கியர் இருப்பது கொழும்புக்குப் போகும்போதுதான் ஞாபகம் வரும். மரக்கறி லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்துவதற்கு ஆசைப்படாதீர்கள், அதற்கான இழுவை இதில் இல்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போகப் பழகிவிட்டேன்.

இறக்கத்தில்தான் இந்தக் காரின் அருமை தெரியும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது நம்ம ஊர் பழைய ட்ரைவர்கள் எல்லாரும் சொல்வது. அல்டோவில் அதைச் செய்வது சுலபம். எடை முக்கால் தொன் அளவுதான். இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்தால் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது, வளைவுக்கு முன் பிரேக்கை ஒரு தொடு தொட்டால் போதும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைப் பக்கம் இறங்கும்போது சில வாகனங்களிலிருந்து பிரேக் கருகுகிற வாடை வரும். மிதித்த காலை எடுக்காமல் இறங்குபவர்கள் அவர்கள். ஓட்டோமெட்டிக் வைத்திருப்பவர்களும் எல் (L), எஸ் (S) அல்லது பி (B) நிலைக்கு மாற்றி இதையேதான் செய்ய வேண்டும். ஆனால் கியர்க் கோலில் அப்படி ஒரு நிலை இருப்பதையே கவனிக்காத எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்த்து பிரேக் ஒயில். இதை யாரும் கவனிப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 (DOT 3) என்கிற தரத்து பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தரக்கணக்கு. ஈரம் ஊறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி, மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிற்காது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையில் ஓடுகிற வாகனத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது பெரிய செலவே இல்லை. ஒயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். இலேசான மஞ்சளில் இருந்தால் சரி, பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது.

அடுத்தது மிஸ்ட், அதாவது கண்ணாடியில் படிகிற ஈரப்புகை. இதில் அல்டோவுக்கு நான் நல்ல புள்ளி போட மாட்டேன். சின்னக் கூடு, நாலு பேர் மூச்சு, வெளியே குளிர். ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி உள்ளுக்குள் வெளுத்துவிடும். துணியால் துடைத்தால் கோடு கோடாக நிற்கும், எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சம் அந்தக் கோடுகளில் சிதறிக் கண்ணைக் கூசும். குளிரில் ஏசி எதற்கு என்று பின்னாலிருப்பவர்கள் கேட்பார்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், அதனால்தான் கண்ணாடி தெளியும். வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்து, ஹீட்டரைக் கொஞ்சம் திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் வழி தெரியும். ஏற்றத்தில் ஏசி போட்டால் இழுவை போகும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, மழைநாளில் இரண்டில் எதை விடுவது என்பது தினசரிச் சில்லறைப் பிரச்சினை. நான் எப்போதும் வேகத்தைத்தான் விடுவேன்.

செலவுப் பக்கம் மனதுக்கு நிம்மதி. பில்டர், பிரேக் ஷூ, பேட், கேபிள் எல்லாம் ஹட்டனில் கிடைக்கும். இல்லாவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குச் சொன்னால் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார்கள். 12 அங்குல ரிம் என்பதால் டயரும் மலிவு. இதுவரை பெரிதாகச் செய்த வேலை கிளச் பிளேட் மாற்றியது. ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் அரைக் கிளச்சில் நிற்கிற ஊரில் அது எந்தக் காருக்கும் சீக்கிரமே தேயத்தான் செய்யும். ஹேண்ட்பிரேக்கில் காரை நிறுத்தி, கிளச் கடிக்கும்போது விடுவித்துப் புறப்படும் பழக்கம் இருந்தால் ஆயுள் கூடும். ஹேண்ட்பிரேக் கேபிளை ஒவ்வொரு சேர்விசிலும் இறுக்கச் சொல்லுங்கள். முன்பு ஒரு கராஜில் கொடுத்தபோது கேபிளைத் தொடாமலே இறுக்கியதாக பில் போட்டுத் தந்தார்கள். அதிலிருந்து சேர்விஸ் முடிந்ததும் கராஜ் வாசல் மேட்டிலேயே நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பது.

எரிபொருளுக்கு வருவோம். இந்தியச் சோதனைக் கணக்கு லீற்றருக்கு 22.74 கிலோமீற்றர் என்று சொல்கிறது. என் கையில் ஏற்ற இறக்கம் சேர்த்து 14, 15. கொழும்புப் பயணத்தில், அவிசாவளைக்குக் கீழே நெரிசல் இல்லாவிட்டால் 18 தாண்டும். 2022இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் வாங்கும் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். அந்த 20 லீற்றர் என் வேலைப் பயணத்துக்குப் போதும் போதாததுமாக இருந்தது. கூட வேலை செய்கிற ஒருவரும் நானும் வாரத்துக்கு ஒருவர் காராக மாறி மாறிப் போய்ச் சமாளித்தோம். அவருடையது 1500 சிசி. அவருடைய வாரம் வந்தால் வெள்ளிக்கிழமை பஸ்தான்.

தோட்டத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதை எந்த விமர்சனத்திலும் எழுத மாட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் கார் நின்றால் அது எல்லார் வீட்டுக் காரும்தான். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் மேல் கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) வரைக்கும் இருக்கிற ரோட்டில் அது ஏறி வரும்வரை சில வேளை காத்திருக்க முடியாது. ராத்திரி கதவு தட்டினால் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பின்சீட்டு எவ்வளவு இடுக்கு என்பது அப்படிப்பட்ட ராத்திரிகளில் உறைக்கும். ஐந்து பேர் ஏறினால் தோட்டத்து ரோட்டில் அடிப்பாகம் கல்லில் உரசும். 160 மில்லிமீற்றர் உயரம் என்பது ஆள் ஏறாதபோது உள்ள கணக்கு. நான் கல்லை நடுவில் விடாமல் ஒரு பக்கச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றிப் போவேன். பள்ளம் பெரிதாக இருக்கிற இடத்தில் ஆட்களை இறக்கி நடக்கச் சொல்வதும் உண்டு.

இனி, வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கெப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் அல்டோ 800ஐ மோதிப் பார்த்தது. எயார்பேக் இல்லாத அந்த ரகத்துக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் கிடைத்தது பூச்சியம் நட்சத்திரம். என் காரிலும் எயார்பேக் இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற ஏபிஎஸ்ஸும் இல்லை. கதவைத் தட்டினால் வருகிற சத்தமே தகட்டின் கனத்தைச் சொல்லிவிடும். நம்ம ரோட்டில் பெரும்பாலான நேரம் முப்பது, நாற்பதில்தான் போகிறோம் என்பது எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானம். எதிரே வருகிற பஸ் அந்த வேகத்தில் வருவதில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு இரவில் கொழும்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன், பகலில் புறப்பட்டுப் பகலிலேயே சேர்ந்துவிடுவோம். உங்கள் கையில் இன்னும் கொஞ்சம் காசு சேரும் என்றால், இரண்டு எயார்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள ஏதாவது ஒன்றுக்காக ஒரு வருடம் பொறுப்பது தப்பில்லை. அலோய் வீலுக்கும் பெரிய திரைக்கும் கொடுக்கிற காசை இதற்குக் கொடுங்கள்.

2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோது எல்லாரும் விலை விழும் என்று காத்திருந்தார்கள். வரியோடு சேர்ந்து வந்த புதிய கார்களின் விலை புதிதாக வேலைக்குப் போகிறவருக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. ஆகவே இன்னும் சில காலத்துக்கு அல்டோ, விவா, விட்ஸ் என்றுதான் தேட வேண்டியிருக்கும். நாவலப்பிட்டி, கம்பளை, கண்டிப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக ஓட்டோமெட்டிக் விட்ஸ் பார்க்கலாம், அங்கே என் வாதம் பாதி செல்லாது. ஹட்டனுக்கு மேலே என்றால் மெனுவலையே பாருங்கள்.

அல்டோ பார்க்கப் போகிறவர்களுக்கு: சமதரையில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நல்ல மேட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். மூன்றாவது கியரில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் மிதி ரப்பர் வழுவழு என்று இருக்கிறது என்றால் மீட்டரை நம்ப வேண்டாம். மழை ஊர்க் கார் என்றால் கதவின் கீழ் விளிம்பையும் கால்மிதியைத் தூக்கி அடித்தரையையும் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும். பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ், எஞ்சின் நம்பர்களை வண்டியோடு ஒப்பிடுங்கள், பழைய லீசிங் நிறுவனத்தின் பெயர் உரிமையாளர் இடத்தில் இன்னும் நிற்கிறதா என்றும் பாருங்கள். இந்த எஞ்சினில் ஓடுவது டைமிங் பெல்ட், செயின் அல்ல. எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பில் காட்டாவிட்டால் மாற்றவே இல்லை என்று கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.