எம்ஜிஏ 1600: பல வருடம் ஓட்டிய பிறகு

எம்ஜி நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிஏ. அது ஷெட்டில் நிறுத்தி அழகு பார்க்கத்தானா, ஓட்டவும் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக ஓட்டலாம். இங்கிலாந்தில் என்னிடம் இருப்பது 1960 மாடல் ரோட்ஸ்டர் (திறந்த கூரை, இரண்டு சீட்), 1588 சிசி எஞ்சின்.

எனக்கு மிகவும் பிடித்தது இதில் உட்காரும் விதம்தான். கிட்டத்தட்ட தரையோடு தரையாக, காலை நீட்டி உட்காருவோம். இது ரேஸில் கற்ற பாடம். பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தின் 1951 போட்டிக்காக, பந்தய ஓட்டுநர் ஜார்ஜ் பிலிப்ஸுக்கு, எம்ஜி டிடி என்ற முந்தைய மாடலின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் வழவழப்பான ஒரு பாடியை எம்ஜியின் வடிவமைப்பாளர் சிட் எனவர் வடிவமைத்தார். பாடி அருமை. ஆனால் சேஸிஸ் ஒடுக்கம் என்பதால் சீட் உயரத்தில் அமைந்து, டிரைவரின் தலையும் தோளும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அதனால்தான் அடுத்த சேஸிஸில் எனவர் சட்டங்களை இருபுறமும் விலக்கி, சீட்டை நடுவே இறக்கினார்.

எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் தலைவர் லெனார்ட் லார்ட் அப்போதுதான் ஆஸ்டின்-ஹீலி என்ற வேறொரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சம்மதம் சொல்லியிருந்ததால் இந்தப் புதிய காரின் திட்டம் கிடப்பில் கிடந்தது. ஒருவழியாக 1955 ஜூனில் மூன்று முன்மாதிரிக் கார்கள் லெ மானில் இறங்கின. எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கொடுமையான பந்தயம் அது. டிக் ஜேக்கப்ஸ் ஓட்டிய எம்ஜியும் விபத்துக்குள்ளாகி, அவர் படுகாயமடைந்தார். மற்ற இரண்டும் 12, 17ஆம் இடங்களில் முடித்தன. செப்டம்பரில் எம்ஜிஏ அறிமுகமானது.

சரி, ஓட்டுவது எப்படி? வளைவுகளில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். 1600இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உண்டு, நம்பி அழுத்தலாம். முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுதாக நின்ற பிறகே போட வேண்டும். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும். மழையில் நனைவது நிச்சயம்.

சாவியைத் திருப்பியதும் பின்னால் இருக்கும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக்டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கும். ஒருநாள் அது அடங்கவே இல்லை. குனிந்து பார்த்தால், எத்தனால் கலந்த பெட்ரோலில் ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. அப்புறம் எல்லா ஹோஸையும் மாற்றி, எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் இல்லாத இ5 பெட்ரோல் மட்டுமே போடுகிறேன். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடித்துவிடுவேன்.

1958இல் வந்த ட்வின்-கேமுக்கு (இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின் கொண்ட எம்ஜிஏ) ஆசைப்படுபவர்கள் உண்டு. டெட் லண்டும் காலின் எஸ்காட்டும் 1960 லெ மானில் 2 லிட்டர் பிரிவை வென்றது அதில்தான். ஆனால் பிஸ்டன் எரிந்துபோகும் என்ற கெட்ட பெயரால் 2,111 கார்களோடு அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அதிர்வில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுரைத்து, கலவை மெலிந்ததே காரணம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சாலையில் ஓட்ட சாதாரண 1600 போதும் என்பேன்.

வாங்கப் போனால் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கால் வைக்கும் மரப்பலகைகளைக் கழற்றச் சொல்லி, சேஸிஸில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் பேட்டரி வைக்கும் தட்டுகளையும் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அந்தக் கார் வேண்டாம்.