பொம்மை கிராமபோன்: அரிதானதா, பாடுவதா?

பழைய பொம்மை கிராமபோன் சேர்க்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எது அரிது?" என்றுதான். நான் கேட்பது, "எது பாடும்?" என்று. இரண்டு கேள்விக்கும் ஒரே பொம்மை பதிலாக அமைவதில்லை.

அரிது என்று பார்த்தால் எடிசனின் பேசும் பொம்மைதான். 1890இல் விற்பனைக்கு வந்தது. பீங்கான் தலை, தகர உடம்பு, சுமார் 56 செ.மீ. உயரம். உடம்புக்குள் குரல் பதிந்த ஒரு சின்ன மெழுகு உருளை. முதுகில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் மார்பிலுள்ள துளைகள் வழியே ஒரு குழந்தைப் பாட்டு வரும். ஆனால் குழந்தையின் கை ஒரே சீராகச் சுற்றுமா? வேகம் கூடினால் கீச்சுக் குரல், குறைந்தால் உறுமல். மெழுகும் சீக்கிரம் தேய்ந்தது. சில வாரங்களிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இன்று ஒன்று கையில் அகப்பட்டாலும் கைப்பிடியைத் தொட மனம் வராது, முள் உரசினால் மிச்சமிருக்கும் குரலும் போய்விடும். அண்மைக் காலத்தில் சில உருளைகளைத் தொடாமலே, ஒளியால் பள்ளங்களை அளந்து, கணினியில் குரலை மீட்டிருக்கிறார்கள். அதை இரவில் தனியாகக் கேட்க வேண்டாம்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், ஜெர்மனியின் வால்டர்ஸ்ஹௌசனில் பொம்மை செய்துவந்த கேமர் அண்டு ரைன்ஹார்ட், எமில் பெர்லினர் கண்டுபிடித்த கிராமபோனைப் பொம்மையாகச் செய்து விற்றது. இதற்கும் கையால்தான் சுற்ற வேண்டும். ஆனால் உருளைக்குப் பதில் ஐந்து அங்குலத் தட்டு, அலுத்துப்போனால் வேறு தட்டை மாற்றிக்கொள்ளலாம். வரலாற்றுப் பெருமை வேண்டுமென்றால் எடிசனைவிட இதற்கே என் ஓட்டு.

அப்புறம் ஸ்டோல்வெர்க். கொலோன் நகரத்துச் சாக்லேட் நிறுவனம், 1903இல் சாக்லேட்டிலேயே இசைத்தட்டு போட்டது! பாட்டைக் கேட்டுவிட்டுத் தட்டைத் தின்றுவிடலாம். தின்றும்விட்டார்கள். அதனால் அதைப் பாட வைக்கும் தகரப் பெட்டி கிடைக்கிற அளவுக்குத் தட்டு கிடைப்பதில்லை. சாக்லேட் அல்லாத தட்டுகளும் வந்தன, தேட வேண்டியது அவற்றைத்தான். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் வழக்கமான 78 தட்டில் முள் பக்கவாட்டில் ஆடும், இதிலோ மேலும் கீழும் ஆடும். ஆகவே வேறு தட்டைப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது. தட்டில்லாமல் பெட்டியை மட்டும் வாங்கினால் ஊமையை வாங்கியதுபோல்தான்.

நூரம்பெர்கின் பிங் நிறுவனம் 1920களில் விற்ற பிக்மிபோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாவி கொடுத்தால் ஓடும், சிறிய 78 அரக்குத் தட்டே போதும். பெரிய தட்டை ஏற்றினால் அந்தச் சின்ன ஸ்பிரிங் பாதியில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அரிது என்று சொல்ல முடியாது. ஆனாலும் என் மேசைமேல் இருப்பது இதுதான்.

பிக்மிபோன் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது சவுண்ட் பாக்ஸ், அதாவது முள்ளின் அதிர்வை ஒலியாக்கும் பகுதி. பல பொம்மைகளில் அதுதான் காணாமல்போயிருக்கும். அதிலுள்ள ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் குரல் கரகரக்கும், வளையத்தை மாற்றினால் சரியாகிவிடும். சாவி கொடுக்கும்போது உள்ளே 'டொக்' என்று உதறினால் ஸ்பிரிங்கில் பழைய கிரீஸ் கட்டியாகியிருக்கிறது, கழுவி எண்ணெய் போட வேண்டும். தகரத்தில் அச்சிட்ட குழந்தைப் படங்கள் உரிந்திருந்தால் மட்டும் வழியில்லை. புதுசாய் மின்ன வேண்டுமென்று மேலே பெயிண்ட் அடித்த ஒன்றை ஒருமுறை அவசரப்பட்டு வாங்கினேன். வாங்கியவன் நான்தான், யாரைக் குறை சொல்ல? படம் இருந்த இடத்தில் இப்போது வெறும் சிவப்பு. பாட்டென்னவோ நன்றாகத்தான் பாடுகிறது.