கேனன் 100 மிமீ மேக்ரோ: ஆர்க்கிட் பூக்களோடு ஆறு வருடம்

கேனன் இஎஃப் 100 மிமீ எஃப்/2.8 எல் ஐஎஸ் மேக்ரோ லென்ஸ், அதாவது சிறியவற்றை மிக அருகிலிருந்து எடுக்கும் கேமரா லென்ஸ், என் கைக்கு வந்து ஆறு வருடமாகிறது. 2009-இல் வெளிவந்தது, 625 கிராம் எடை. நான் வாங்கியதே பழசுதான். கல்யாணம், பிறந்தநாள் எதையும் இதில் எடுத்ததில்லை. எடுத்ததெல்லாம் ஆர்க்கிட், அதுவும் சிங்கப்பூரில். அந்த அளவில் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதல் இரண்டு வருடமும் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டமே கதி என்று கிடந்தேன். பல ஆர்க்கிட் பூக்கள் வாரக்கணக்கில் வாடாது. இன்று படம் சரியாக விழவில்லையா, அடுத்த ஞாயிறு அதே பூவிடம் போகலாம். கை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

பூவை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் பதிக்க வேண்டுமானால், லென்ஸ் முனைக்கும் பூவுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப்/2.8 வைத்தால் இதழின் ஓர் ஓரம் மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் கரைந்துவிடும். துளையைச் சுருக்கி எஃப்/11-க்குப் போனால் மர நிழலில் ஷட்டர் வேகம் படுத்துவிடும். கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஐஎஸ், சாதாரணத் தூரத்தில் நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம்) கைகொடுக்கும் என்கிறது கம்பெனி; அசல் அளவான 1:1-இல் இரண்டுதான். அதுவும் லென்ஸ் சாய்வதற்கும், மேல்-கீழ், பக்கவாட்டு அசைவுக்கும் மட்டும். மூச்சு விடும்போது உடம்பு முன்னும் பின்னும் போகிறதே, அதை எந்த ஐஎஸ்ஸும் பிடிக்காது. ட்ரைபாட் கட்டாயம். லென்ஸை அதில் பொருத்தும் காலரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பது இன்னும் எனக்கு வருத்தம்தான். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். தோட்டத்துக் குளிர்கூடத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் கண்ணாடி முழுக்க ஆவி படியும்; கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் ஈரம் அண்டாமல் காக்கும் பெட்டியான ட்ரை கேபினட் இல்லாமல் இந்த ஊர் ஈரத்தில் லென்ஸ் வைத்திருக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இதை விடவில்லை என்றால், ஒரு படம் காரணம். ஆர்க்கிட் பூவின் நடுவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒட்டிய சிறு தூண் உண்டு. அதன் நுனியில் தொப்பி மாதிரி ஒரு மூடி. உள்ளே மகரந்தம் பொடியாக இல்லாமல் உருண்டை உருண்டையாக இருக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினால், அந்தப் பூவில் தொப்பியைக் காணோம், உருண்டைகளும் இல்லை. நான் வருவதற்கு முன்பே எதுவோ வந்து சுமந்து போயிருக்கிறது. அதுவரை பூ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அதற்கு வேறு வேலை இருக்கிறது, அந்த வேலையின் நிறமும் வளைவும்தான் நாம் அழகு என்று நிற்பது. அன்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை.

அதன்பின் மனம் புறா ஆர்க்கிட்டுக்குப் போனது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் தானாக வளர்வது. வெள்ளைப் பூ, தொண்டையில் மஞ்சள், நல்ல வாசம். திடீர் மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால், பெரும்பாலும் ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் சேர்ந்து பூக்கும். விடியலில் மலர்ந்து, பொழுது சாய வாடிவிடும். அடுத்த ஞாயிறு என்ற பேச்சே இல்லை. பெரும்பாலும் உயரக் கிளையில் இருப்பதால் இந்த லென்ஸுக்கு எட்டாது. எங்கள் அடுக்குமாடி புளோக் அருகே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கொத்து இருப்பது என் அதிர்ஷ்டம்.

கணக்கு வைப்பது அம்மா. மூட்டுவலியால் அவர் அதிகம் கீழே இறங்குவதில்லை. பெருமழை பெய்த தேதியைச் சமையலறை நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுவார். "ஒம்பது நாளாச்சுப்பா, போய்ப் பாரு" என்று இருட்டிலேயே எழுப்புவார். இரண்டு முறை ஏமாந்திருக்கிறோம். மற்றபடி, வாசலைத் தாண்டும்போதே வாசம் வந்துவிடும். படங்களை டிவியில் போட்டால், அம்மா தொப்பி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்.

நேற்று மாலை நல்ல மழை. வட்டம் விழுந்துவிட்டது. ஒன்பதாம் நாள் புதன்கிழமை வருகிறது. விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.